முயல் முடியில் ட்ரவுட் நிம்ஃப் கட்டுவது: நம்ம ஊர்ப் பொருட்களை வைத்து முழுமையான வழிகாட்டி

ட்ரவுட் மீனைப் பிடிக்க, நீர்ப்பூச்சி போலத் தெரியும்படி தூண்டில் முள்ளில் முடியும் நூலும் சுற்றிக் கட்டும் போலி இரையைத்தான் இங்கே நிம்ஃப் என்கிறேன். என் மேசையில் உட்கார்ந்து முதல் நிம்ஃப் கட்டியவர்கள் பெரும்பாலும் தடுமாறியது இரண்டு இடத்தில்தான். முடியை அள்ளி எடுத்துவிடுவார்கள். கட்டி முடித்ததும் பார்த்தால் கம்பளிப்புழு மாதிரி ஒன்று முள்ளில் உட்கார்ந்திருக்கும். அடுத்த தடுமாற்றம் வரிசையில் வரும். உடம்பைச் சுற்றிய பிறகுதான் கம்பியைக் கட்ட மறந்தது தெரியும், எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாகிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் எதற்கு முன் எது, ஏன் அப்படி என்பதைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

அசல் நிம்ஃப் என்றால் சிறகு முளைக்கும் முன் தண்ணீருக்குள் வாழும் பூச்சியின் இளம்பருவம். மலை ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ட்ரவுட் தின்பதில் பெரும்பகுதி இப்படி நீருக்கடியில் கிடைப்பதுதான். பின்னால் மூன்று வால் இழை (சிலவற்றில் இரண்டு), மெலிந்த வயிறு, பருத்த மார்பு, மார்பின் மேல் கருத்த சிறகு உறை. இந்த நான்கையும்தான் முள்ளில் கட்டப்போகிறோம்.

ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அதற்குச் சிரமம். பவானி ஆறு நம்ம ஊருக்கு வந்து சேர்வதற்குள் தண்ணீர் சூடாகிவிடுகிறது. எனவே மீன் மேலே, நீலகிரியில் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானிப் பக்கம். கட்டுகிற வேலை மட்டும் கீழே, வீட்டில்.

1. மேசைக்கு வர வேண்டியவை

முள்: காது உள்ள முள்தான் வேண்டும். ஊர்க் கடைகளில் நுனி தட்டையாக அடித்த, காதில்லாத முள்ளும் விற்கிறார்கள். அது இந்த வேலைக்கு உதவாது. 12 அல்லது 14 நம்பர் கேளுங்கள். நம்பர் கூடக் கூட முள் சிறியது. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் கொஞ்சம் மாறும். அதனால் காதிலிருந்து வளைவு தொடங்கும் இடம்வரை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 9 முதல் 11 மில்லிமீட்டர் இருந்தால் சரி.

நூல்: எம்பிராய்டரி மெஷினுக்குப் போடும் பாலியஸ்டர் நூல், பழுப்பு அல்லது கருப்பு. 120 டெனியர் போதும். திருப்பூரிலும் சோமனூரிலும் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதாரணத் தையல் நூல் தடிமன். பத்துச் சுற்றிலேயே முள் பருத்துப்போகும்.

கம்பி: மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டால் எனாமல் பூசிய செப்புக் கம்பியின் மிச்சச் சுருள் கிடைக்கும். இரண்டு அளவு வாங்குங்கள். உடம்பின் மேல் சுற்ற 38 கேஜ் (சுமார் 0.15 மி.மீ.), எடைக்கு 30 கேஜ் (சுமார் 0.3 மி.மீ.). எரிந்த மோட்டாரிலிருந்து உருவிய கம்பி வேண்டாம், பூச்சு கருகி உதிரும். எடைக்கு ஈயம் போடுகிறவர்களும் உண்டு. ஓடைத் தண்ணீருக்கு அது நஞ்சு, நான் தொடுவதில்லை. தங்க நிறம் வேண்டுமென்றால் சிறுமுகைப் பக்கம் சேலைக்குப் போடும் ஜரிகையைச் சுற்றிப் பார்க்கலாம், பார்வைக்கு அழகு. ஆனால் மீனின் பல் பட்டால் மேல்தகடு பிரிந்துவிடும், செம்பு பிரியாது.

இறகு: வாலுக்கு நாட்டுக்கோழிப் பெட்டையின் புள்ளி போட்ட பழுப்பு இறகு. சிறகு உறைக்கு வான்கோழி வால் இறகு.

மற்றவை: சின்ன வைஸ் (முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவி), பாபின் பிடி (நூல் உருளையைப் பிடித்துத் தொங்கவிடுவது), கூர்முனைக் கத்தரி, கார்க்கில் குத்திய தடித்த ஊசி, நிறமில்லாத நெயில் பாலிஷ், பழைய டூத் பிரஷ். வைஸ் மட்டும் மலிவாகப் பார்க்காதீர்கள். முள் நழுவினால் நூலின் இழுவிசை போய்விடும், அப்புறம் எதுவும் நிற்காது. லேத் பட்டறைக்காரர் தெரிந்தவராக இருந்தால் முள்ளைக் கவ்வும் தாடையை அவரிடமே சீவி வாங்கிக்கொள்ளலாம். கோவையில் அதற்கு ஆளா பஞ்சம்.

2. முடியைத் தேடுவது

வளர்ப்பு முயல்தான் என் முதல் தேர்வு. வெள்ளை முயல் வேண்டாம். சாம்பலும் பழுப்பும் கலந்த முயலைப் பாருங்கள். அதன் ஒரு முடியைப் பிடுங்கி வெள்ளைத் தாளில் வைத்தால், அடியில் நீலச் சாம்பல், நடுவில் வெளிர்மஞ்சள், நுனியில் கருப்பு என்று பட்டை பட்டையாக நிறம் மாறுவது தெரியும். ஓடைப் பூச்சியின் நிறமும் அப்படித்தான், ஒரே நிறமாக இருக்காது. சாயம் போட்ட செயற்கை இழையில் இந்தக் கலவை வருவதில்லை.

முயலின் மேல் இரண்டு வகை முடி இருக்கிறது. தோலை ஒட்டி மெத்தென்று இருப்பது உள்முடி. அது நூலில் நன்றாகப் பிடிக்கும், தண்ணீரை உறிஞ்சி முள்ளோடு இறங்கும். அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் விறைத்த முடி மேல்முடி. அது நூலில் பிடிக்காமல் வெளியே துருத்தி நிற்கும், பூச்சியின் காலாகத் தெரியும். உள்முடி மட்டும் போட்டால் மொழுக்கென்று உயிரில்லாமல் இருக்கும். மேல்முடி மட்டும் போட்டால் உதிர்ந்துபோகும். இரண்டும் வேண்டும்.

முடி கொட்டும் பருவத்தில் சீப்பால் வாரினாலே ஒரு வருடத்துக்கு வேண்டியது வந்துவிடும். அதில் பெரும்பகுதி உள்முடியாகவே இருக்கும். மேல்முடிக்குக் கறிக்கு முயல் வளர்க்கும் பண்ணைகளில் முகத்தோலும் காதும் கேளுங்கள், தூக்கி எறிவதுதானே, கொடுத்துவிடுவார்கள். உப்புத் தடவி நிழலில் முறுகக் காயவையுங்கள்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வாரும்போது வரும் உள்முடியும் நல்லது. மேச்சேரி ஆட்டு முடியை முயன்று பார்த்தேன். குட்டையாக, விறைப்பாக இருப்பதால் தனியாகத் திரிபடவில்லை.

காட்டு முயல், மலை அணில் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த முடியில் இருப்பதெல்லாம் வளர்ப்பு முயலிலும் இருக்கிறது.

3. கழுவி, கலந்து, பூச்சி வராமல் வைப்பது

வாரி எடுத்த முடியில் எண்ணெய்ப் பசையும் தூசும் இருக்கும். அதோடு கட்டினால் தண்ணீர் ஏறாமல் நிம்ஃப் மிதக்கும். இதை விட்டுவிட்டு ஓடைக்குப் போய், ஏன் இறங்கவில்லை என்று தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாயகன்ற பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு ஷாம்பு, ஒரு கைப்பிடி முடி. மூடிக் குலுக்குங்கள். கழுவுவதும் கலப்பதும் ஒன்றாகவே முடிந்துவிடும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, டீ வடிகட்டியில் வடித்து, செய்தித்தாளில் பரப்பி நிழலில் காயவையுங்கள். ஃபேனுக்கு அடியில் வைத்துவிடாதீர்கள், வீடெல்லாம் பறக்கும்.

இரண்டு கலவை தனித்தனியாகச் செய்துகொள்ளுங்கள். வயிற்றுக்கு நான்கு பங்கு உள்முடி, ஒரு பங்கு மேல்முடி. மார்புக்கு இரண்டும் சரிபாதி. முயல் காதில் சுரண்டிய முடி மிகக் குட்டை, தனியாக நூலில் நிற்காது. உள்முடிதான் அதைப் பிடித்து வைக்கும், நூற்பாலையில் குட்டைப் பஞ்சோடு நீள இழையைச் சேர்ப்பது போல.

காய்ந்த கலவையை ஜிப் கவரில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், பேன், அந்துப்பூச்சி போய்விடும். அப்புறம் டப்பாவில் ஒரு கற்பூர வில்லையோடு வைத்தால் போதும்.

4. மெழுகு

முடி நூலில் ஒட்டிப் பிடிக்க நூலுக்கு லேசாக மெழுகு தடவ வேண்டும். கடையில் விற்கும் மெழுகு தேவையில்லை. தேன்மெழுகு மூன்று பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு. கொதிக்கும் தண்ணீரில் ஒரு கிண்ணத்தை வைத்து அதற்குள் உருக்குங்கள்; நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். பழைய லிப் பாம் குழாயில் ஊற்றி ஆறவிடுங்கள். சித்திரை வெயிலில் இந்த அளவு இளகிவிடும், அப்போது எண்ணெயைப் பாதியாகக் குறையுங்கள்.

5. முதல் வேலை: எதிர்முள்ளை நசுக்குவது

முள்ளின் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்ன எதிர்முள்ளைக் குறட்டால் அமுக்கித் தட்டையாக்குங்கள். மீனை அதிகக் காயமில்லாமல் திரும்ப விடலாம், உங்கள் விரலில் ஏறினாலும் எளிதாக வெளியே வரும்.

இதை ஏன் முதலிலேயே செய்ய வேண்டும்? நசுக்கும்போது நூற்றில் சில முள் ஒடியும். வெறும் முள்ளாக ஒடிந்தால் நஷ்டம் முள் மட்டும். கட்டி முடித்த பிறகு ஒடிந்தால் அரைமணி நேர வேலையும் போகும்.

தண்டு படுக்கை வசமாக இருக்கும்படி முள்ளை வைஸில் பூட்டுங்கள்.

6. நூலும் எடையும்

காதுக்குப் பின்னால் இரண்டு மில்லிமீட்டர் இடம் விட்டு நூலைத் தொடங்குங்கள். அந்த இரண்டு மில்லிமீட்டர் கடைசி முடிச்சுக்கு. நடுவில் எது வந்தாலும் அந்த இடத்தைத் தொடக்கூடாது. புதிதாகக் கட்டுகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் இதைத் தின்றுவிடுகிறார்கள், அப்புறம் நூல் காதை அடைத்து, ஓடைக்கரையில் தூண்டில் நரம்பு நுழைவதில்லை.

சுற்றும் திசை எப்போதும் உங்களை விட்டு விலகி, முள்ளுக்கு மேலாக. வளைவு வரைக்கும் நெருக்கமாகச் சுற்றிப் போங்கள். வெறும் இரும்பில் முடி வழுக்கும், நூலின் மேல் வழுக்காது.

இப்போது 30 கேஜ் கம்பியைத் தண்டின் முன்பாதியில் ஆறு முதல் எட்டுச் சுற்று. மார்பு வரும் இடம் அது. எடை அங்கே இருந்தால் தலை முந்தி இறங்கும், மார்பும் தானாகப் பருக்கும். கம்பியின் இரு ஓரத்திலும் நூலைச் சரிவாகச் சுற்றி மேடு தெரியாமல் செய்யுங்கள்.

7. வாலும் மெல்லிய கம்பியும்

கோழி இறகிலிருந்து ஐந்தாறு இழையை ஒன்றாகப் பிடித்து, நுனிகள் சமமாக இருக்கும்போதே பிய்த்தெடுங்கள். தண்டில் வைத்துப் பாருங்கள்: தண்டின் பாதி நீளம் வெளியே நீட்டினால் போதும். வளைவு தொடங்கும் இடத்தில் மூன்று சுற்று இறுக்கி, மிச்ச இழையை வெட்டாமல் எடைக் கம்பி வரைக்கும் தண்டோடு சேர்த்துச் சுற்றுங்கள். வாலடியிலேயே வெட்டினால் அங்கே ஒரு முடிச்சு மாதிரி மேடு நிற்கும், மேலே சுற்றும் முடியில் அது அப்படியே தெரியும்.

38 கேஜ் கம்பியையும் இதே மாதிரி, உங்கள் பக்கத்துத் தண்டை ஒட்டி, எடைக் கம்பியிலிருந்து வால் வரைக்கும் கட்டுங்கள். மிச்சம் பின்னால் தொங்கட்டும். இதை இப்போதே கட்டாவிட்டால் பிறகு கட்ட இடமிருக்காது.

8. முடித் திரி

மொத்த வேலையில் பாதி இதுதான், இங்கே நிதானமாக இருங்கள். நூலின் மேல் முடியை உருட்டி ஏற்றுவதை டப்பிங் என்பார்கள். டப்பிங் என்றால் பலருக்குச் சினிமாதான் ஞாபகம் வருகிறது. அதனால் நான் திரி என்றே சொல்கிறேன். விளக்குத் திரி திரித்த கைக்கு இது புதிதல்ல.

நூல் வாலடியில் தொங்குகிறது. அதில் ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு மெழுகை ஒரே ஒரு முறை இழுங்கள். நூல் பளபளத்தால் மெழுகு அதிகம். முடி விரலிலேயே ஒட்டிக்கொண்டு நூலுக்குப் போகாது.

வயிற்றுக் கலவையிலிருந்து கொஞ்சம் கிள்ளுங்கள். அதில் பாதியைத் திரும்ப வையுங்கள். மீதியிலும் பாதியை வையுங்கள். கையில் இருப்பது கொசுவலையைப் பார்ப்பது போல, அந்தப் பக்கம் விரல் ரேகை தெரிகிற அளவுக்கு இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். "இத்துனூண்டு முடி போதுங்களாண்ணா?" என்று கேட்காதவர்கள் குறைவு. போதும்.

அந்தப் புகை போன்ற முடியை நூலின் மேல் வைத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரே திசையில் உருட்டுங்கள். உருட்டி, விரலைத் திறந்து, திரும்பப் பழைய இடத்துக்கு வந்து, மறுபடி அதே திசை. முன்னும் பின்னும் தேய்த்தால், முன்னே ஏறிய முறுக்கு பின்னே அவிழும். எவ்வளவு நேரம் தேய்த்தாலும் நூலில் நிற்காது. "முடி ஒட்டவே மாட்டேங்குது" என்று சொல்பவர்களின் விரலைப் பார்த்தால் அநேகமாக இதுதான் நடந்துகொண்டிருக்கும். மில்லில் ஸ்பின்னிங்கில் முப்பது வருடம் இருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். இந்தப் படியை மட்டும் நான் சொல்லித்தரவே இல்லை. முறுக்கு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று அவர் விரலுக்கே தெரிந்தது.

வால் பக்கம் வரும் திரி மெல்லிசாக, போகப்போக ஒரு நூலளவு தடிமன் கூட வேண்டும். அதற்காக ஒரே தடவையில் எல்லா முடியையும் வைக்காதீர்கள். மூன்று நான்கு கிள்ளாக, ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் கொஞ்சம் ஏறும்படி வைத்துத் திரியுங்கள். மொத்தத் திரி நான்கு சென்டிமீட்டர் வந்தால் 12 நம்பர் முள்ளின் வயிற்றுக்குச் சரியாக இருக்கும்.

முதல் சுற்று வாலைத் தொட்டுக்கொண்டே விழ வேண்டும். இடைவெளி விட்டால் அங்கே வெறும் நூல் தெரியும். அப்புறம் ஒவ்வொரு சுற்றும் முந்தையதை ஒட்டி, எடைக் கம்பி தொடங்கிக் கொஞ்சம் தாண்டும் வரைக்கும். நடுவில் திரி தளர்ந்தால் பாபினைத் தொங்கவிட்டு, நீங்கள் உருட்டிய திசையிலேயே ஒரு சுழற்று சுழற்றுங்கள், இறுகிவிடும்.

வயிறு பருத்துப்போனால் சமாளிக்க நினைக்காதீர்கள். திரியைப் பிரித்து, நகத்தால் முடியை உருவிவிட்டு மறுபடி தொடங்குங்கள். நூல் அப்படியேதான் இருக்கிறது, போனது ஒரு நிமிடம்.

9. கம்பியைச் சுற்றுவது

திரியைச் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில், சம இடைவெளியில் நான்கு அல்லது ஐந்து சுற்று. எதிர்த்திசையில் போனால் கம்பி ஒவ்வொரு முடிச்சுற்றையும் குறுக்கே வெட்டிப் பிடிக்கும். அதே திசையில் போனால் சுற்றுக்களுக்கு நடுவே புதைந்துவிடும், பிடிப்பும் இல்லை, பார்வைக்கும் தெரியாது. கம்பியில்லாத நிம்ஃபை இரண்டு மீன் கடித்தாலே திரி பிரிந்து தொங்கும்.

நூலால் நான்கு சுற்று இறுக்கி, மிச்சக் கம்பியை முன்னும் பின்னும் ஆட்டி ஒடியுங்கள். கத்தரியால் வெட்டினால் கூர்முனை நின்று நூலை அறுக்கும், கத்தரியும் கெடும்.

10. சிறகு உறையும் மார்பும்

வான்கோழி இறகில் மூன்று மில்லிமீட்டர் அகலப் பட்டை ஒன்றைப் பிரித்தெடுங்கள். அதன் மேல் நெயில் பாலிஷை மெல்லிசாகத் தடவி ஐந்து நிமிடம் காயவிடுங்கள். தடவாவிட்டால் மடக்கும்போது நடுவில் கிழியும். பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி, பட்டை பின்னோக்கிப் படுத்த மாதிரி வயிற்றின் முன் ஓரத்தில் கட்டுங்கள். முன்னால் மடக்கும்போது அந்தப் பக்கம்தான் மேலே வரும்.

மார்புக் கலவையை வயிற்றுத் திரியைவிட இரண்டு மடங்கு தடிமனாக, கொஞ்சம் தளர்வாகத் திரியுங்கள். மேல்முடி இங்கே துருத்தி நிற்கட்டும், நெருக்கி முறுக்கினால் அது அமுங்கிவிடும். மூன்று நான்கு சுற்று. காதுக்குப் பின்னால் விட்ட இரண்டு மில்லிமீட்டருக்குள் போகாதீர்கள்.

இப்போது பட்டையை மார்பின் மேல் முன்னோக்கி மடக்கி, இறுக்கிப் பிடித்தபடி நூலால் ஐந்து சுற்று. மிச்சத்தை ஒட்ட வெட்டுங்கள்.

11. முடிச்சு

முடிச்சுப் போடும் கருவி இல்லையென்றால் ரீஃபில் எடுத்த பால்பாயின்ட் பேனாவின் முனைக்கூடு போதும். அதன் மேல் நூலை ஒரு கண்ணியாகப் போட்டு, கூட்டின் துளையைக் காதில் பொருத்தி, கண்ணியை முள்ளின் மேல் தள்ளி இறுக்குங்கள். ஐந்து முறை. ஒன்று இரண்டோடு விட்டால் ஓடையில் அவிழும்.

ஊசி நுனியில் ஒரு துளி நெயில் பாலிஷ் எடுத்து முடிச்சின் மேல் வையுங்கள். பாட்டிலின் பிரஷ்ஷை நேராக வைத்தால் வழிந்து முடியெல்லாம் கெட்டியாகும். காயும் முன்னே காதுக்குள் ஊசியை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள்.

12. கிளறிவிடுவது

பாலிஷ் காய்ந்த பிறகு ஊசி முனையால் மார்பின் இரு பக்கமும் கீழேயும் மேல்முடியை மெதுவாக வெளியே இழுங்கள். கால்கள் வந்துவிடும். வயிற்றின் இரு பக்கமும் டூத் பிரஷ்ஷால் லேசாக இரண்டு இழுப்பு. உண்மையான பூச்சிக்கு வயிற்றோரம் செவுள் இழைகள் அலைவது இப்படித்தான் தெரியும். மேல்பக்கத்தைத் தொடாதீர்கள், சிறகு உறை மறைந்துவிடும். கட்டியவுடன் இது அலங்கோலமாகத் தெரிந்தால் கத்தரியை எடுக்காதீர்கள். தண்ணீரில் நனைந்தால் பாதி ஆகிவிடும்.

13. தண்ணீரில் பார்ப்பது

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, தண்ணீருக்குள்ளேயே நிம்ஃபை விரலால் இரண்டு முறை பிழிந்து விடுங்கள். நேராக இறங்க வேண்டும். மிதந்தால் முடியில் எண்ணெய் இருக்கிறது, அல்லது மெழுகு அதிகம். நனைந்த பிறகும் குண்டாகவே இருந்தால் முடி அதிகம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: வயிற்றின் ஓரம் ஒளி ஊடுருவி, நடுவில் கம்பி வரிவரியாகத் தெரிந்தால் அது நல்ல நிம்ஃப்.

ஒரே அளவில், ஒரே நிறத்தில் ஆறு கட்டுங்கள். முதலாவதற்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆறாவதற்கு இருபது நிமிடம். ஆறையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்தப் படியில் கை தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கட்டினால் அது தெரியாது.

மலைக்குப் போகும் முன் ஊர்க் குளத்தில் ஜிலேபிக் கெண்டையிடம் காட்டிப் பாருங்கள். அதுவும் நிம்ஃபை எடுக்கும். ஐந்தாறு மீன் கடித்த பிறகும் திரி பிரியாமல் இருந்தால் உங்கள் கட்டு சரி. நான் மலைக்கு எடுத்துப் போகும் ஒவ்வொரு புது வகையையும் முதலில் குளத்தில்தான் நனைக்கிறேன்.

மேலே போகும்போது மீன்வளத்துறை, வனத்துறை இரண்டு இடத்திலும் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். ட்ரவுட் இருக்கும் நீரில் பல இடங்கள் காப்புக்காட்டுக்குள் வருகின்றன. ஓடையில் இறங்கியதும் முதலில் ஒரு கல்லைப் புரட்டி, ஒட்டியிருக்கும் பூச்சியின் பக்கத்தில் உங்கள் நிம்ஃபை நனைத்து வைத்துப் பாருங்கள். நிறமும் நீளமும் எதில் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கல்லைப் புரட்டிய மாதிரியே திரும்ப வைத்துவிடுங்கள்.